எத்தனை பிஸ்கட் வெச்சே?

வீட்டில் எது கெட்டுப்போனாலும் பெரியவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "கடைசியா இதைத் தொட்டது யாரு?" மிக்ஸி புகைந்தாலும் அதே கேள்வி, கதவுப் பிடி கையோடு கழன்று வந்தாலும் அதே கேள்வி. ஒருமுறை தெருவுக்கே மின்சாரம் போனபோதும் இதைக் கேட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பெரியவர் என்றதும் தாடியும் தடியுமாக யாரையும் நினைக்க வேண்டாம். ஐம்பதைத் தொட இன்னும் காலம் இருக்கிறது. அண்ணன் தம்பி இரண்டே பேர் என்பதால் குடும்பத்துக்குள் அவர் பெரியவர், தம்பி சின்னவர், அவ்வளவுதான்.

அந்தக் கேள்வி தொழிலோடு வந்தது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் அவர் சேத மதிப்பீட்டாளர். கடை எரிந்தால், கிடங்கில் தண்ணீர் புகுந்தால், போய்ப் பார்த்து, தானாக நடந்ததா, யாருடைய கவனக்குறைவா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் கவனக்குறைவு என்றுதான் எழுதுவார். இதில் அவர் கைவசம் ஒரு வித்தை உண்டு. சந்தேகப்படும் ஆளிடம் "நீ செஞ்சியா?" என்று கேட்கவே மாட்டார். கேட்டால் இல்லை என்றுதான் வரும். "அடுப்பை அணைக்காம எவ்வளவு நேரம் வெளிய போயிருந்தீங்க?" என்று கேட்பார். எதிராளி எவ்வளவு நேரம் என்று யோசிக்க ஆரம்பித்தாலே பாதி ஒப்புக்கொண்ட மாதிரி. "எங்கண்ணன் உக்காந்து கேட்டா கல்லுகூட வாக்குமூலம் குடுக்கும்" என்று சின்னவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு பழைய கூரியர் வேனை வாங்கி, அதைக் கேம்பர் வேனாக மாற்றியிருந்தார்கள். பின்பக்கம் இரண்டடுக்குக் கட்டில், பக்கவாட்டில் ஒரு மேடை, குட்டி சிங்க், ஒற்றை அடுப்பு, உள்சுவர் முழுக்க ப்ளைவுட். விடுமுறை கிடைத்தால் இரண்டு குடும்பமும் ஏறிக்கொண்டு ஏதாவது ஏரிக்கரையில் போய் நிறுத்திவிடும். பெண்கள் வண்டிக்குள் படுப்பார்கள், ஆண்கள் வெளியே கூடாரத்தில். பெரியவருக்குப் பிள்ளை இல்லை. தம்பியின் ஏழு வயது மகள்தான் இரண்டு வீட்டுக்கும் ஒரே குழந்தை. பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்தாளாம், அதனால் சுண்டு. கீழ்க்கட்டிலில் சுவரோரம் அவள் இடம். தூங்கப் போகுமுன் பெரியப்பா வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும். அவர் சொல்வதெல்லாம் திருடனைக் கண்டுபிடிக்கிற கதைகள். எல்லாக் கதையிலும் முடிவில் ஒருவன் மாட்டிக்கொண்டே தீருவான். அவர் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

அந்தக் கோடையில் வண்டியின் கூரைமேல் ஒரு கேரியர் பொருத்தினார் பெரியவர். மடக்கு நாற்காலிகளையும் கூடாரத்தையும் அதில் கட்டிக்கொள்ளலாம். "ஒர்க் ஷாப்ல குடுத்துடலாம்ணா" என்றார் சின்னவர். "நாலு ஸ்க்ரூ முடுக்கத் தெரியாதா எனக்கு?" என்று சொல்லிவிட்டு, பெரியவரே ட்ரில் மெஷினோடு மேலே ஏறினார். இறங்கி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு களை. பத்துத் தரம் ஆட்டிக் காட்டினார். கேரியர் அசையவில்லை.

மழைக்காலத்தில் போன பயணத்தில்தான் வினை வந்தது. விடிகிற நேரத்தில் சின்னவரின் மனைவி கழுத்தைத் தேய்த்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். கட்டெறும்பு. விளக்கைப் போட்டால், கட்டிலுக்கு அடியிலிருந்து சுவர் வழியாக ஒரு கறுப்புக் கோடு போய்க்கொண்டிருக்கிறது. மெத்தையின் ஒரு மூலை சொதசொதவென்று நனைந்திருந்தது. கூடாரத்திலிருந்து பெரியவர் வந்தார். மெத்தையைத் தூக்கினார். சுவர் ஓரமாகப் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ சிதறிக் கிடந்தது. ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"பிஸ்கட் தூள்" என்றார்.

ஈரம்? சுண்டுவின் தண்ணீர் பாட்டில் அங்கேதான் உருண்டு கிடந்தது. டீ கொதிப்பதற்குள் வழக்கு முடிந்துவிட்டது.

சுண்டுவை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்தார். "சுண்டு, எத்தனை பிஸ்கட் வெச்சே?"

"எங்க?"

"மெத்தைக்கு அடியில."

"நான் வெக்கலையே பெரியப்பா."

"வெச்சியான்னு கேக்கலடா. எத்தனைன்னுதானே கேக்கறேன்."

குழந்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கோ ஓரகத்தியின் முன்னால், கணவரின் அண்ணன் முன்னால் தலை நிமிர முடியவில்லை. பிள்ளையை ஒழுங்காக வளர்க்கவில்லை என்று யாரும் சொல்லவில்லைதான். சொல்லாமலேயே காதில் விழுந்தது. "கேக்கறாங்க இல்ல, சொல்லித் தொலையேன்டி."

"நான் வெக்கலம்மா."

பளீரென்று ஓர் அறை. சுண்டு அழவில்லை, வாயைத் திறந்தபடி அப்படியே இருந்தாள். "அடிக்காதம்மா, குழந்தைதானே" என்று பெரியவர் தடுத்தார். பிறகு குரலை இன்னும் இனிப்பாக்கிக்கொண்டார். "இங்க பாரு, நிஜத்தைச் சொன்னா பெரியப்பா ஒண்ணுமே சொல்ல மாட்டேன். அம்மாவும் அடிக்க மாட்டா. எத்தனை?"

வெகுநேரம் கழித்து அவள், "மூணு" என்றாள். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

"பாத்தியா? நிஜத்தைச் சொன்னதும் எல்லாம் சரியாப் போச்சு." கண்ணைத் துடைத்துவிட்டார், தூக்கிக்கொண்டு போய் ஏரியில் கல் விட்டெறியச் சொல்லிக்கொடுத்தார். அவர் மனசு நிறைந்திருந்தது. திங்கட்கிழமை அலுவலகத்தில் இதையே வேடிக்கையாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார்.

ஏரிக்கரையில் அந்த நாளின் மீதிப் பொழுதெல்லாம் சின்னவரின் மனைவி வண்டியைக் கூட்டிக்கொண்டே இருந்தாள். கூட்டியதையே கூட்டினாள், துடைத்ததையே துடைத்தாள். சுண்டுவுக்குச் சாப்பாடு வண்டிக்கு வெளியே, படிக்குக் கீழே நின்றபடி, தட்டை மோவாய்க்கு அடியில் பிடித்துக்கொண்டு. தூறல் விழுந்தபோதும் அப்படியே. "உள்ள வரட்டுமேம்மா" என்று பெரியவரின் மனைவி சொல்லிப் பார்த்தாள். "வேண்டாங்க்கா, பழகிக்கட்டும்" என்று பதில் வந்தது. அன்றிரவு கதை கேட்க யாரும் பெரியவரைக் கூப்பிடவில்லை. அடுத்த பயணத்துக்கு அழைத்தபோது பரீட்சை என்றார்கள், அதற்கடுத்த முறை ஜுரம் என்றார்கள்.

வண்டி பெரியவர் வீட்டுப் பக்கத்து ஷெட்டில் பூட்டியே கிடந்தது. மழை ஓய்ந்து வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை, கொஞ்சம் காற்றாடட்டும் என்று திறந்தார். மக்கிய வாசனை முகத்தில் அடித்தது. கட்டிலோரம் அதே கறுப்புக் கோடு.

பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு மாதத்துக்கும் மேலாக இந்த வண்டிக்குள் ஒரு ஆள் கால் வைக்கவில்லை. சாவி அவரிடம்தான் இருக்கிறது. உள்ளே பிஸ்கட்டுக்கு வழியே இல்லை. ஆனால் சுவரோரம் அதே பழுப்புத் தூள், போன தடவையைவிடப் பெரிய குவியலாக. இந்த முறை விரலில் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். மரம்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இதுவோ ப்ளைவுட், அதுவும் நனைந்த ப்ளைவுட். ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாகத்தான் அழுத்தினார், ஊறின ரொட்டிக்குள் போவதுபோல் உள்ளே போயிற்று. பலகையைப் பெயர்த்து எடுத்தார். பின்னால் மரச்சட்டம் முழுக்கக் குடைந்து குடைந்து அறை அறையாக இருந்தது. கட்டெறும்புகள் வெள்ளை முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு நாலாபக்கமும் ஓடின. அவற்றுக்கு இனிப்பு தேவைப்படவில்லை. ஈரத்தில் இளகின மரம் போதும், குடைந்து கூடு கட்டிவிட்டுத் தூளை வெளியே தள்ளியிருக்கின்றன. அந்தத் தூளைத்தான் உள்ளங்கையில் வைத்து அவர் தீர்ப்புச் சொன்னார்.

ஈரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க நிமிர்ந்தார். சுவரில் டீக்கறை மாதிரி ஒரு கோடு மேல்நோக்கிப் போய்க் கூரையில் முடிந்தது. பார்க்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

கேரியர் பொருத்திய அன்று ட்ரில் இரண்டு விரற்கடை தள்ளி இறங்கிவிட்டது. வேண்டாத இடத்தில் ஒரு துளை. அவ்வளவு பேச்சுப் பேசிவிட்டு ஏறியவர், எப்படி இறங்கி வந்து சொல்லுவார்? குளியலறைத் தொட்டி ஓரத்துக்குப் பூசி மிச்சமிருந்த பசையைப் பிதுக்கி அடைத்தார். கேரியரின் காலை அதன்மேல் நகர்த்தி வைத்து முடுக்கினார். யார் கண்ணுக்கும் தெரியாது. கொஞ்ச நாளில் அவருக்கே மறந்துவிட்டது.

இப்போது ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். வெயிலில் அந்தப் பசை சுருங்கிக் காய்ந்து, நகத்தால் தொட்டதும் மாத்திரை மாதிரி கழன்று வந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். கூரை தெரியும், ஏணி போட்டு ஏறினால். அன்றைக்கு அவர் ஏறவில்லை. குழந்தையின் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

டீயோடு மனைவி வந்தபோது அவர் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னார். அவள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள், பெயர்த்த பலகையைப் பார்த்தாள், தூளைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொட்டினாள்.

"இதானா அந்த பிஸ்கட்டு?"

அவர் கையை மடக்கிக்கொண்டார்.

"கடைசியா இந்தக் கூரையைத் தொட்டது யாருங்க?" கேலியாகக் கேட்டிருந்தால் தேவலாம். அவள் கேலியாகக் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலங்களில் வேலை நடந்தது. கூரைக்கென்றே விற்கும் பசையை வாங்கி, பழையதைச் சுரண்டி, தகட்டுத் துண்டு வைத்து அடைத்தார். குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்தார், ஒரு சொட்டு இறங்கவில்லை. உளுத்த சட்டத்தை அறுத்தெடுத்துப் புதுசு வைத்தார், எறும்பு மருந்து வைத்தார், புதுப் பலகை அடித்து வர்ணமும் பூசினார். அவ்வளவு நேர்த்தியாக அவர் எதையும் செய்ததில்லை. இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் சத்தியம் செய்யலாம் போலிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். மறைத்தபிறகு ஒரு வாய் இறங்கவில்லை அவருக்கு. சுண்டுவின் கன்னத்தில் அந்த அறை விழுந்த சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைவிட மோசம், அதற்கப்புறம் தன்னுடைய இனிப்புக் குரல். தானே அடித்திருந்தால்கூட இவ்வளவு அசிங்கமாக இருந்திருக்காது என்று தோன்றியது.

தம்பிக்கு மூன்று நான்கு முறை போன் செய்தார். ஒவ்வொரு முறையும் டயரில் காற்றைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தார்.

"ஓட்டையை அடைச்சாச்சு, சரி. அந்தப் புள்ளைக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

"சின்னக் குழந்தை. இந்நேரம் மறந்திருக்கும்."

"மறந்திருந்தா கதை கேக்க வந்திருப்பாளே."

சண்டை போடலாம் என்று பார்த்தார், அதற்கு ஒரு சாக்கு கிடைக்கவில்லை. கடைசியில் மனைவிதான் ஓரகத்தியிடம் பேசி, வந்தே ஆகவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒப்புக்கொள்ளவைத்தாள். பெரியவர் சொல்ல வேண்டியதை மனசுக்குள் தயாரித்துக்கொண்டார். "கூரையில ஒரு கசிவு ஏற்பட்டிருந்தது, இப்ப சரி பண்ணியாச்சு." நல்ல வாக்கியம். அலுவலகத்தில் எழுதுகிற மாதிரி, ஆளே இல்லாத வாக்கியம். இதைப் போகிற போக்கில் டீ குடிக்கும்போது சொல்லிவிடலாம், புரிகிறவர்கள் புரிந்துகொள்ளட்டும்.

ஞாயிறு காலை தம்பி குடும்பம் வந்து இறங்கியது. சின்னவர் வழக்கம்போல் சத்தமாகப் பேசிக்கொண்டே கூரைமேல் ஏறிக் கூடாரத்தைக் கேரியரில் கட்ட ஆரம்பித்தார். "என்னண்ணா, வண்டி புதுப் பொண்ணு மாதிரி இருக்கு." அவர் மனைவி கையில் ஒரு பழந்துணியும் சின்னத் துடைப்பமும் இருந்தன, தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். பெரியவர் "வாம்மா" என்றார். "வர்றேன் மாமா" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

சுண்டு வண்டிப் படியில் ஒரு காலை வைத்தவள் நின்றாள். பையைக் கீழே வைத்தாள். கவுனின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினாள். உதறினாள். தோள்பையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே இருந்த சட்டையையும் வண்ணப் பென்சில்களையும் கிளறிக் காட்டினாள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, மூடி இறுக்கமாக இருக்கிறது என்பதையும் காட்டினாள்.

"ஒண்ணும் இல்ல பெரியப்பா. பாத்துக்கோங்க."

யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே செய்தாள், செருப்பைக் கழற்றி வைப்பதுபோல் வெகு சாதாரணமாக. அவள் அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரியவர் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் எங்கே போயிற்றோ. "தம்பி, கீழ இறங்கு" என்றார். "எல்லாரும் இங்க வாங்க." வந்தார்கள். "அன்னிக்கு அது பிஸ்கட் இல்ல. கூரையில நான் தப்பா ஒரு ஓட்டை போட்டுட்டேன். போட்டது எனக்குத் தெரியும். யாருகிட்டயும் சொல்லாம மூடி வெச்சேன். அது வழியாத் தண்ணி இறங்கி மரம் உளுத்து, எறும்பு குடைஞ்ச தூளு அது. சுண்டு ஒண்ணும் வெக்கல. பாட்டிலும் கொட்டல. எல்லாம் நான்தான். இது தெரிஞ்சும் ரெண்டு வாரமா வாயைத் திறக்கல."

சின்னவர் கொஞ்சம் திகைத்தார். பிறகு அண்ணனின் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் சிரித்தார். "விடுண்ணா, ஒரு ஓட்டைதானே. இதுக்குப் போய்..."

"நான் அவளை அடிச்சேன் மாமா" என்றாள் அவர் மனைவி.

சிரிப்பு நின்றுபோயிற்று.

"அதுவரைக்கும் அவளை நான் அடிச்சதே இல்ல. வீட்டுக்குப் போயும் திட்டினேன். பொய் சொன்னா நாக்கு அழுகிடும்னு சொன்னேன்." அவள் சத்தம் போடவில்லை. துடைப்பத்தைப் படியோரம் சாய்த்து வைத்தாள். "நீங்க அவ்வளவு உறுதியாக் கேட்டீங்க. நான் என் பொண்ணை நம்பல, உங்களை நம்பினேன்."

"தப்புதாம்மா" என்றார் பெரியவர். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எத்தனையோ அறிக்கைகளைப் பார்த்து அவர் சலித்துக்கொண்டிருக்கிறார். அதை முகத்துக்கு நேராகப் பார்ப்பது வேறு.

அவர் சுண்டுவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். இந்தத் தடவை நாற்காலி இல்லை. "சுண்டு, பெரியப்பா சொன்னது கேட்டியா? நீ பிஸ்கட் வெக்கல. பெரியப்பாதான் தப்பு. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

சுண்டு அவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். எல்லோர் முகமும் அன்றைக்குப்போலவே இறுகிக் கிடந்தது. மறுபடியும் எல்லோரும் அவளைச் சுற்றி நிற்கிறார்கள், மறுபடியும் பெரியப்பா எதிரில் உட்கார்ந்து கேட்கிறார்.

"வெச்சேன் பெரியப்பா" என்றாள் அவசரமாக. "மூணு வெச்சேன்."

"இல்லடா. நீ வெக்கல."

"வெச்சேன். க்ரீம் பிஸ்கட். ரெண்டு முழுசு, ஒண்ணு கடிச்சது. தலைமாட்டுல, மெத்தைக்கு அடியில." சொல்லச் சொல்ல அவளுக்குத் தைரியம் வந்தது. "தண்ணியும் நான்தான் கொட்டினேன்."

எல்லாம் அவ்வளவு அழகாகப் பொருந்தியது. பெரியவர் இத்தனை வருஷத்தில் கேட்ட எந்த வாக்குமூலமும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. ஓட்டையை அடைக்கக் கடையில் பசை கிடைத்தது. இதற்கு எங்கே போய் நிற்பது?

அவர் வாழ்நாளில் யாரிடமும் கேட்காத கேள்வியை மெல்லக் கேட்டார். "சுண்டு, நீ வெச்சியா, வெக்கலையா?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி, சின்னக் குரலில் கேட்டாள்.

"எதைச் சொல்லணும் பெரியப்பா?"